சாம்பிராணியிலிருந்து தெர்மாகோல் வரை

பைபர் படகு கட்டும் பட்டறைப் பக்கம் நடந்து போயிருக்கிறீர்களா? கடலூர் முதுநகரோ, அக்கரைப்பேட்டையோ, எந்த ஊராக இருந்தாலும் ரெசின் பூசும் நாளில் ஒரு வாசனை தெருமுனையிலேயே வந்து மூக்கைத் துளைக்கும். கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் பெயின்ட், அரை மணி நேரம் நின்றால் கொஞ்சம் தலைவலி. சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் போய் பைபர் படகுகள் ஆயிரக்கணக்கில் வந்தபோது நம் கடற்கரை முழுக்க இந்த வாசனைதான். எல்லோரும் அதை "ரெசின் வாசனை" என்பார்கள். ரெசினுக்கு அவ்வளவு வாசனை கிடையாது. அதைக் கரைத்து வைத்திருக்கும் திரவத்தின் வாசனை அது. டின்னில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தத் திரவம்தான். அதன் பெயர் ஸ்டைரீன்.

வடசென்னையில் ஒரு டயர் தொழிற்சாலையின் மிக்ஸிங் பிரிவில் 34 வருடம் வேலை பார்த்தவன் நான். இதே வாசனையின் மெல்லிய சாயல் எங்கள் ரப்பர் பேல்களிலும் இருந்தது. டயர் பற்றி முன்பு எழுதியதைப் படித்த சிலர், "செயற்கை ரப்பர் செயற்கை ரப்பர் என்கிறீர்களே, அது எதிலிருந்து வருகிறது?" என்று நேரில் பார்க்கும்போது கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்ல உட்கார்ந்தால் கதை சாம்பிராணியில் ஆரம்பிக்கிறது.

நாம் வெள்ளிக்கிழமை தணலில் போடும் சாம்பிராணி, சுமத்ரா, சயாம் பக்கத்து மரம் ஒன்றின் பிசின். அந்த மரத்தின் தாவரவியல் பெயர் ஸ்டைராக்ஸ். அரபு வியாபாரிகள் அந்தப் பிசினை "லுபான் ஜாவி", அதாவது ஜாவாச் சாம்பிராணி என்றார்கள். ஐரோப்பியர் வாயில் புகுந்து அது "பென்ஸாயின்" ஆயிற்று. அதிலிருந்து எடுத்த அமிலத்தைச் சுண்ணாம்புடன் சேர்த்துக் காய்ச்சியபோது கிடைத்த எண்ணெய்க்குத்தான் ஜெர்மானிய வேதியியல் அறிஞர் மிட்ஷர்லிக் 1830களில் பெயர் வைத்தார். இன்று பென்சீன் என்கிறோமே, அந்தப் பெயரின் வேர் அங்கே இருக்கிறது. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாரூஸ் என்ற துறைமுகம் உண்டு. கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பேர் போனது. அங்கே 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது, ஐந்நூற்றுவர் என்ற நம் வணிகக் குழுவினர் வைத்தது. ஆக, பெட்ரோ கெமிக்கல் காரர்கள் பேசும் இரண்டு முக்கியமான பெயர்களும் நம் ஆட்கள் கப்பலில் போய் வியாபாரம் செய்த சரக்கு வழியைச் சேர்ந்தவை. இதை எந்த டிரெயினிங் வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஆனால் ஸ்டைரீனை முதலில் ஆராய்ந்தவர் எடுத்துக்கொண்டது சாம்பிராணி அல்ல. துருக்கியின் தென்மேற்கில் வளரும் வேறொரு மரத்தின் பிசின். அதையும் ஸ்டோராக்ஸ் என்றே விற்றார்கள். எட்வர்ட் சைமன் என்பவர் பெர்லினில் மருந்துக்கடை வைத்திருந்தார். 1839இல் இந்தப் பிசினைக் காய்ச்சி வடித்து, நிறமில்லாத ஓர் எண்ணெயை எடுத்து, "ஸ்டைரால்" என்று பெயரிட்டார். எடுத்து வைத்த எண்ணெய் சில மாதங்களில் பாட்டிலுக்குள்ளேயே கெட்டியாகிப் போயிற்று. காற்றில் உள்ள ஆக்ஸிஜன் சேர்ந்துவிட்டது என்று அவர் நினைத்து, கெட்டியானதற்கு "ஸ்டைரால் ஆக்ஸைடு" என்று பெயர் கொடுத்தார்.

அது பிழை என்று 1845இல் ஜான் பிளைத், ஹாஃப்மன் என்ற இரண்டு பேர் காட்டினார்கள். காற்றே புகாமல் மூடிச் சூடாக்கினாலும் அது கெட்டியாயிற்று. எடை பார்த்தால், கூறு பார்த்தால், உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒன்றுதான். எதுவும் சேரவில்லை, எதுவும் போகவில்லை. ஆனால் தண்ணீர் போல இருந்தது கண்ணாடி போல ஆகிவிட்டது. பிறகு 1866இல் பிரான்ஸின் பெர்த்தெலோ இதைச் சரியாகப் பிடித்தார். சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணைந்துகொள்கின்றன என்றார்.

எப்படி இணைகின்றன? ஸ்டைரீன் மூலக்கூறில் கார்பன் எட்டு, ஹைட்ரஜன் எட்டு. ஆறு கார்பன்கள் வளையமாக நிற்கும். அதுதான் பென்சீன் வளையம். மிச்சம் இரண்டு கார்பன் வால் போலத் தொங்கும். அந்த வாலில் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. ரயில் பெட்டியின் கப்ளிங் மாதிரி அது. ஒரு கப்ளிங் திறந்தால் அடுத்த பெட்டி வந்து மாட்டும், அது அடுத்ததை இழுக்கும். ஆயிரக்கணக்கான பெட்டிகள் கொண்ட ரயில் ஆகிவிட்டால் அதுதான் பாலிஸ்டைரீன். ஒவ்வொரு கப்ளிங் மாட்டும்போதும் கொஞ்சம் சூடு வெளிப்படும். சூடு அதிகமானால் மாட்டும் வேகம் அதிகமாகும். வேகம் கூடினால் சூடு இன்னும் கூடும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இப்படி நீளமான சங்கிலி ஒரு மூலக்கூறாகவே இருக்க முடியும் என்பதை அன்றைய பெரிய பேராசிரியர்கள் வெகுநாள் ஏற்கவில்லை. சிறிய மூலக்கூறுகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்றுதான் சாதித்தார்கள். ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920இல் எழுதிய கட்டுரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு வருடம் இதற்காகவே சண்டை போட்டார். அவர் சோதனைக்கு அதிகம் பயன்படுத்திய பொருள்களில் ஒன்று பாலிஸ்டைரீன். நோபல் பரிசு 1953இல், அவருடைய 72ஆவது வயதில் வந்தது.

கொள்கைச் சண்டை ஒரு பக்கம் நடக்க, தொழிற்சாலைக்காரர்களுக்கு வேறு கவலை. ஸ்டைரீன் பாட்டிலிலேயே கெட்டியாகிற பொருள், அதை டாங்கில் எப்படி வைப்பது? இதற்கு வழி 1922இல் பிரான்ஸில் மூரூ, துஃப்ரேஸ் என்ற இருவர் மூலம் கிடைத்தது. சில வகைப் பொருள்களைத் துளியளவு கலந்தால் அந்த முதல் கப்ளிங் திறக்காமல் அடங்கி இருக்கும். இன்று அதற்கு டி.பி.சி. என்ற பொருளைக் கலக்கிறார்கள். பத்து லட்சம் பங்குக்குப் பத்துப் பதினைந்து பங்கு போதும். பாலில் பெருங்காயம் அளவுகூட இல்லை. ஆனால் அது நாளாக ஆகத் தீர்ந்துகொண்டே வரும், அவ்வப்போது அளந்து பார்த்து மறுபடி சேர்க்க வேண்டும்.

அடுத்த கவலை, துருக்கி மரத்தை நம்பி பிளாஸ்டிக் செய்ய முடியாது. ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தில் லுட்விக்ஸ்ஹாஃபன் ஊரில் ஹெர்மன் மார்க், கார்ல் வுல்ஃப் இருவரும் வழி கண்டார்கள். பென்சீனையும் எத்திலீனையும் சேர்த்தால் எத்தில் பென்சீன். அதைச் சூடான கிரியா ஊக்கியின் மேல் செலுத்தி ஹைட்ரஜனைக் கழற்றினால் ஸ்டைரீன். இன்றும் உலகில் பெரும்பகுதி இப்படித்தான் தயாராகிறது, 600 டிகிரியை ஒட்டிய சூட்டில் நீராவியோடு. கொதிநிலையில் எத்தில் பென்சீன் 136 டிகிரி, ஸ்டைரீன் 145. இவ்வளவு நெருக்கமான இரண்டைப் பிரிப்பது சிரமம். சூட்டைக் கூட்டினால் கோபுரத்துக்குள்ளேயே கெட்டியாகிவிடும் என்பதால் வெற்றிடத்தில் தாழ்ந்த சூட்டில் வடிக்கிறார்கள். 1930-31 வாக்கில் பாலிஸ்டைரீன் விற்பனைக்கு வந்தது.

மார்க்கின் கதை தனியாக எழுத வேண்டிய ஒன்று. தந்தை யூதர். ஜெர்மனியில் காற்று மாறுவதைப் பார்த்து 1932இல் வியன்னா போனார். 1938இல் ஹிட்லர் அங்கேயும் வந்தான். கையிருப்பை எல்லாம் பிளாட்டினம் கம்பியாக வாங்கி, துணி மாட்டும் ஹாங்கராக வளைத்து, அதற்கு மேல் மனைவி பின்னிய உறை போட்டு, காரில் கோட்டுகளைத் தொங்கவிட்டுக்கொண்டு எல்லையைத் தாண்டினார். பிறகு நியூயார்க்கின் புரூக்ளினில் பாலிமர் கற்பிக்க ஆரம்பித்தார்.

இனி ரப்பர். 1929இல் அதே ஐ.ஜி. ஃபார்பனில் வால்டர் பாக், எட்வர்ட் சுங்கூர் இருவரும் பியூட்டாடையீன் என்ற வாயுவையும் ஸ்டைரீனையும் சேர்த்து ஒரு ரப்பர் செய்தார்கள். பியூனா-எஸ் என்று பெயர். எஸ் என்றால் ஸ்டைரீன். ஜெர்மனிக்கு ரப்பர் விளையும் காலனி கிடையாது, அதனால் இந்த ரப்பர் போர்ச் சரக்காயிற்று. ஆஷ்விட்ஸை ஒட்டிய மோனோவிட்ஸில் ஒரு பியூனா தொழிற்சாலை கட்டினார்கள். கட்டியவர்கள் கைதிகள். ஆயிரக்கணக்கில் அங்கே செத்தார்கள். இத்தாலிய எழுத்தாளர் பிரிமோ லெவி படித்த வேதியியலாளர் என்பதால் அதன் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்துப் பிழைத்தார். அத்தனை உயிர் போயும் அந்தத் தொழிற்சாலையிலிருந்து ரப்பர் வெளிவரவே இல்லை.

ரப்பருக்கு இன்னொரு முனை மலாயா. எங்கள் ஊர்ப் பக்கம் மலாயா போகாத குடும்பம் குறைவு. என் தாத்தாவின் தம்பி, நாங்கள் சின்னத் தாத்தா என்போம், பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். விடியும் முன்னே போய் மரத்தைச் சீவிக் கோப்பை கட்டிவிட்டு வரவேண்டும், வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பான் கையில் விழுந்தது. கடிதம் நின்றது, பணம் நின்றது. தோட்டங்களில் ரப்பர் வாங்க ஆளில்லை, அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்குதான். அங்கிருந்து ஏராளமான தமிழர்களை சயாம்-பர்மா ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. அதில் செத்த ஆசியத் தொழிலாளிகள் பல பத்தாயிரம் பேர். சின்னத் தாத்தா திரும்பி வந்தவர்களில் ஒருவர். அதைப் பற்றி யாராவது கேட்டால் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்.

அதே 1942இல் அமெரிக்காவுக்கு வரவேண்டிய இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு நின்றுபோயிற்று. ஒரு ஷெர்மன் டாங்கிக்கு அரை டன் ரப்பர் வேண்டும். கப்பல், விமானம், லாரி, பூட்ஸ், எல்லாவற்றுக்கும் வேண்டும். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ரேடியோவில் பேசி, வீட்டில் கிடக்கும் பழைய ரப்பரை எல்லாம் பெட்ரோல் பங்கில் கொண்டுவந்து கொடுங்கள், பவுண்டுக்கு ஒரு சென்ட் தருகிறோம் என்றார். தோட்டக் குழாய், மழைக்கோட்டு, பழைய ஷூ எல்லாம் வந்து குவிந்தன. மணிக்கு 35 மைலுக்கு மேல் கார் ஓட்டக்கூடாது என்றார்கள். பெட்ரோலுக்கு நாடு முழுக்க ரேஷன் வந்ததற்கு முக்கியக் காரணமே டயர் தேயாமல் இருக்கட்டும் என்பதுதான்.

போட்டி போட்டுக்கொண்டிருந்த டயர் கம்பெனிகளை அரசாங்கம் ஒரே பந்தியில் உட்கார வைத்தது. காப்புரிமை எல்லாம் பொது. செய்முறை ஒன்றே. பியூட்டாடையீன் முக்கால் பங்கு, ஸ்டைரீன் கால் பங்கு. அரசு ரப்பர்-ஸ்டைரீன் என்ற பொருளில் ஜி.ஆர்.-எஸ். என்று பெயர். பொது உபயோகச் செயற்கை ரப்பர் 1941இல் அங்கே மொத்தம் 231 டன் உற்பத்தியானது. 1945இல் மாதம் 70,000 டன். நாலே வருடத்தில் இப்படி ஒரு தொழிலை எழுப்பியதை, தொழிற்சாலையில் ஒரு புதிய மெஷின் நிறுவ ஒன்றரை வருடம் எடுத்ததைக் கண்ணால் பார்த்த எனக்கு, இன்றும் நம்ப முடியவில்லை.

போர் முடிந்தது. சின்னத் தாத்தா கூலி மரத்துக்குத் திரும்பினார். ஆனால் அவர் மரத்துக்கு ஒரு போட்டியாளர் பிறந்துவிட்டது, அதற்குப் பருவமும் இல்லை, மழையும் இல்லை. 1960களுக்குப் பிறகு மலேசியாவில் ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறியதற்கும், தோட்டத்துத் தமிழர்கள் பிழைப்பு தேடி நகரத்து ஓரம் ஒதுங்கியதற்கும் காரணங்கள் பல. ஸ்டைரீனும் அதில் ஒன்று.

எங்கள் தொழிற்சாலைக்கு இந்த ரப்பர், எஸ்.பி.ஆர். என்போம், உத்தரப் பிரதேசத்து பரேலியிலிருந்து வரும். 1963 முதல் அங்கே தயாரித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், நம் ஊரில் அப்போது பெட்ரோ கெமிக்கல் போதாது, ஆகவே கரும்பு ஆலை மொலாசஸிலிருந்து வரும் சாராயத்தை மூலப்பொருளாக வைத்துச் செய்தார்கள். டயர் என்பது ஒரு வகையில் வெல்லத்தின் பேரன். பேல் ஒன்று 35 கிலோ. 1502 என்ற ரகம் வெளிறிய நிறம், 1712 எண்ணெய் கலந்து பழுப்பு. கேரளத்து புகையூட்டிய ஷீட் ரப்பர் பக்கத்தில் அடுக்கியிருக்கும். ஒன்றில் அடுப்படி வாசனை, இன்னொன்றில் இந்த ஸ்டைரீன் சாயல். கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சொல்லிவிடுவோம். கார் டயரின் தரையில் படும் பாகத்துக்கு எஸ்.பி.ஆர். அதிகம் போடுவோம், தேய்மானம் குறைவு, ஈரச் சாலையில் பிடிப்பு நன்றாக இருக்கும். லாரி டயருக்கு அது சூடேறும், அதனால் இயற்கை ரப்பர்தான். மரம் முழுக்கத் தோற்றுப்போகவில்லை.

பிளாஸ்டிக் பக்கம் வருவோம். போருக்காகக் கட்டிய ஸ்டைரீன் ஆலைகள் 1945க்குப் பிறகு சும்மா நிற்க முடியுமா? விலை விழுந்தது. சீப்பு, பொம்மை, ரேடியோ பெட்டி, டம்ளர் எல்லாம் பாலிஸ்டைரீன் ஆயின. நம் வீட்டில் அதை அதிகம் பார்த்தது கேசட் பெட்டியாக இருக்கும். கண்ணாடி போலப் பளபளப்பு, கீழே விழுந்தால் மூடி மாட்டும் காது ஒடிந்துவிடும். இளையராஜா கேசட்டுகள் என்னிடம் நூற்றுக்கு மேல் இருந்தன, காது முழுசாக உள்ள பெட்டி பத்துகூடத் தேறாது. இந்த நொறுங்கும் குணத்தைப் போக்க, ரப்பரையே கொஞ்சம் கலந்து ஒரு ரகம் செய்தார்கள், பிரிட்ஜின் உட்புற வெள்ளைச் சுவர் அதுதான். ஏ.பி.எஸ். என்ற இன்னொரு உறவுக்காரன் டெலிபோன், ஸ்கூட்டர் பாகம், கம்ப்யூட்டர் பெட்டி என்று போனான்.

தெர்மாகோலும் பாலிஸ்டைரீனே. தெர்மாகோல் என்பது ஒரு வணிகப் பெயர், நம் நாட்டில் பொருளுக்கே பெயராகிவிட்டது. பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தில் ஃப்ரிட்ஸ் ஸ்டாஸ்ட்னி 1949இல் ஒரு ஷூ பாலிஷ் டப்பாவில் மாதிரியை வைத்து, சூடான அடுப்பில் மறந்துவிட்டார். போய்ப் பார்த்தால் வெள்ளை நுரைத் தூண் எழுந்து, டப்பா மூடியைத் தலையில் சுமந்துகொண்டு நிற்கிறது. மணிகளுக்குள் பென்டேன் என்ற எளிதில் ஆவியாகும் பொருள் இருக்கும். நீராவி பட்டால் அது ஆவியாகி மணி பொரியாக உப்பும். முடிவில் 98 சதவீதம் காற்று. அதனால்தான் மீன் பெட்டியில் ஐஸ் உருகாமல் கிடக்கிறது. அதனால்தான் 2017 ஏப்ரலில் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க மேலே மிதக்கவிட்ட அட்டைகள் கொஞ்ச நேரத்தில் காற்றடித்துக் கரை ஒதுங்கின. அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் எல்லோரும் சிரித்து முடித்துவிட்டீர்கள். தெர்மாகோல் தட்டும் கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை.

கெட்டியான பாலிஸ்டைரீனுக்கும் திரவ ஸ்டைரீனுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சங்கிலியாகிவிட்டது சாது. சங்கிலியாகாதது அப்படி இல்லை. அதை நெடுநாள் சுவாசிப்பவர்களுக்குப் புற்றுநோய் வர வாய்ப்புள்ளது என்ற பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு மையம் 2018இல் சேர்த்தது. பைபர் படகுப் பட்டறைப் பையன்கள் கைக்குட்டை மட்டும் கட்டிக்கொண்டு ரெசின் பூசுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. காற்றோட்டமான இடத்தில் பூசுங்கள், சரியான மாஸ்க் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வருவேன்.

விசாகப்பட்டினத்தில் 1961இல் இந்துஸ்தான் பாலிமர்ஸ் என்று ஓர் ஆலை ஆரம்பித்தார்கள். பிறகு கை மாறி, 1997இல் கொரிய நிறுவனத்திடம் போய் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆயிற்று. ஸ்டைரீனைக் கப்பலில் வரவழைத்துப் பாலிஸ்டைரீன் செய்வது தொழில். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து ஆலை நின்றது. ஆலை நிற்கும், ஸ்டைரீன் நிற்காது. எம்-6 என்ற டாங்கில் கோடை வெயிலில் அது வாரக்கணக்கில் கிடந்தது. அடக்கி வைக்கும் டி.பி.சி. தீர்ந்துகொண்டே வந்தது, ஆலையில் புதிதாகச் சேர்க்க இருப்பு இல்லை. சூட்டைக் காட்டும் கருவி டாங்கின் அடியில் மட்டும் இருந்தது. அடியில் குளிர்ச்சி, மேல் பாகத்தில் கொதிப்பு. குளிரூட்டும் இயந்திரத்தை இரவிலும் ஓட்டவில்லை. மாநில அரசு அமைத்த உயர்மட்டக் குழு பிறகு அறிக்கையில் சொன்ன விஷயங்கள் இவை.

மே 7 விடியற்காலை மூன்று மணியளவில் டாங்குக்குள் சூடு சூட்டைக் கூட்டி, ஸ்டைரீன் கொதித்து ஆவியாக வெளியேறியது. சைமனின் பாட்டிலில் 1839இல் மெதுவாக நடந்ததுதான், டன் கணக்கில், ஒரே இரவில். காற்றை விடக் கனமான ஆவி அது, தரையோடு தவழ்ந்து வெங்கடாபுரம் பக்கம் போனது. சங்கு ஊதவில்லை. தூக்கத்திலிருந்து எழுந்து ஓடியவர்கள் தெருவிலும் சாக்கடை ஓரத்திலும் விழுந்தார்கள். 12 பேர் இறந்தார்கள், குழந்தைகளும் உண்டு. நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில். மாடுகளும் செத்துக் கிடந்ததை டி.வி.யில் பார்த்தோம்.

ஆந்திர அரசு, மிச்சம் இருக்கும் ஸ்டைரீன் ஒரு சொட்டும் இங்கே இருக்கக்கூடாது என்றது. ஆலையிலும் துறைமுக டாங்குகளிலும் இருந்த ஏறத்தாழ 13,000 டன்னை அந்த மே மாதமே கப்பலில் ஏற்றித் தென் கொரியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள்.